இருபது எண்ணும்வரை

அச்சாவோ படகுத்துறையில் இறங்கி
கடற்சிப்பி விற்கும் கொட்டகையைத் தாண்டினால்
மரச்செதில் போர்த்திய மஞ்சள் வீடு.
கீழே பல் மருத்துவமனை.
மேலே மருத்துவர் எலியானா பார்ரியாவும் அவர் ரேடியோவும்.
நான் நோர்மா.
விளக்குப் பிடிப்பவள்.

சொத்தையைக் குடைந்து முடித்து
பிசினைக் குழிக்குள் வைத்து அழுத்துவார்,
ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீட்டர், அதற்குமேல் இல்லை.
"இப்போ" என்பார்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு
நீலத்தை ஏற்றுவேன்.

நேராகப் பார்த்தால் கண்ணுக்கு ஆகாது.
பார்ப்பதற்கென்றே ஆரஞ்சுத் தகடு ஒன்று
விளக்கோடு வந்தது;
விரிசல் விட்ட நாளிலிருந்து இழுப்பறையில் கிடக்கிறது.
அதனால் ஜன்னலைப் பார்த்து எண்ணுவேன்.
இருபதுக்குள், மழையில் ஒரு படகு
இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குப் போயிருக்கும்.
பீப்.
மருத்துவர் கொக்கியால் தட்டிப் பார்ப்பார்.
"கல்."

பதினோரு வருடம், இப்படித்தான்.

மார்ச்சில் கையுறை விற்க வந்த ஓயார்சோ
பையிலிருந்து ஒரு மானியை எடுத்தான்.
சும்மா வையுங்கள் சென்யோரா, காசா பணமா.
வைத்தேன்.
முள் எழுந்திருக்கவே யோசித்தது.
இருக்கவேண்டிய வெளிச்சத்தில் கால்வாசி என்றான்,
புது விளக்கின் விலையையும் அதே மூச்சில் சொன்னான்.
"விற்க வந்தவன் அளந்தால்
எல்லாம் குறையத்தான் செய்யும்,"
மருத்துவர் கதவைச் சாத்தினார்.

ஆனால் அன்றிரவு மேலே ரேடியோ பாடவில்லை.
கீழே இறங்கி வந்தார், செருப்பில்லாமல்.
கறுப்பு உறிஞ்சுகுழாயில் ஒரு துண்டை நறுக்கி
பிசினை நிரப்பி
மேலிருந்து இருபது எண்ணினார்.
வெளியே தள்ளி
அடிப்பக்கத்தைச் சுரண்டினார்.
கத்தியோடு வழித்துக்கொண்டு வந்தது.
ஆடை கட்டிய பால்.
மேலே மட்டும்தான் கல்.

விளக்கின் நுனியைத் திருப்பி என்னிடம் காட்டினார், காலையில்.
யாருடைய பல்லிலிருந்தோ ஒட்டிய பிசின்
காய்ந்து, நகம்போல் பொருக்குத் தட்டியிருந்தது.
துடைப்பது என் வேலை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

நோயாளிக் குறிப்பேட்டில் தேடி அறுபத்து மூன்று வாய்கள்.
எட்டுப் பேர் கரைதாண்டிப் போய்விட்டார்கள்.
ஒருவர் இறந்துவிட்டார், பல்லால் அல்ல.
மற்றவர்களுக்கு நான்தான் போன் செய்தேன்:
காசு வேண்டாம், திரும்ப வாருங்கள்.
சிலர் சிரித்தார்கள். ஒருத்தி
எந்தப் பல் என்றே மறந்துவிட்டாள்.

முதலில் வந்தவர் ஹெரால்டோ காய்ச்சேயோ,
சிப்பி வளர்க்கும் கயிறுகளை இழுத்து இழுத்து
உள்ளங்கை பிளந்தவர்.
"வலிக்கவே இல்லையே.
சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கென்ன தெரியப்போகிறது?"
சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.
ஓட்டை உடைத்தார் மருத்துவர்.
ஒளி குடித்த பிசின் மஞ்சளை விட்டுவிடும்;
அடியில் மஞ்சள் அப்படியே இருந்தது,
போன வருடம் பொட்டலம் பிரித்த அன்றைக்குப்போல.

புது விளக்கு.
புதுத் தகடு.
"பார்த்துக்கொண்டே பிடி, நோர்மா."
பதினோரு வருடத்தில் முதல்முறை பார்த்தேன்.
ஆரஞ்சு வழியே நீலம் நீலமாகவே இல்லை,
பல் மட்டும் எங்கிருந்தோ கடன் வாங்கியதுபோல்
மங்கலாய் ஒளிர்ந்தது.
ஐந்து. ஆறு.
ஏழாவது எண்ணில்
ஒளிவட்டம் பல்லைவிட்டு இறங்கி
கன்னத்துக்குச் சரிந்தது.
விளக்கு சரியவில்லை.
என் கை.

நிறுத்தித் திரும்ப வைத்தேன்,
ஒன்றிலிருந்து எண்ணினேன்.
"என்ன?" என்றார் மருத்துவர்.
எச்சில் தெறித்தது என்றேன்.

பழைய விளக்கைப் பெட்டியில் போட்டுக் கட்டியாயிற்று.
பழியும் அதோடு போயிற்று.
ஓயார்சோ இரண்டாம் தவணைக்கு வரும்போதெல்லாம்
பார்த்தீர்களா என்கிறான்.
பார்க்கிறேன்.
இன்னும் முப்பத்தொன்பது பேர் பாக்கி.
இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு
ஒவ்வொரு பல்லிலும் இருபது,
அதன்மேல் கணக்கில் வராத ஐந்து.

ஜன்னலில் எந்தப் படகு போனதென்று
இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதில்லை.