அட்டைக்குள் பணம் இல்லை

இராஜாஜி சாலையில்
கடற்கரை எதிரே இருந்தும்
காற்று வராத அறை.
ஒரு காமிரா, ரேகை பிடிக்கும் கறுப்புப் பெட்டி, நான்.
பத்து மணிக்குள் வரிசை
படிக்கட்டிறங்கி பைக் நிறுத்தம் வரை போய்விடும்.

"அஞ்சு லட்சம் எப்போம்மா ஏறும்?"
பேங்க் புத்தகத்தை மேசையில் விரித்து வைக்கிறார்
மூலகொத்தளம் ஏகவல்லி.
ஏறாதும்மா. இது பணமில்ல.
ஆஸ்பத்திரில படுத்தா உங்களுக்காகக் கட்டுவாங்க.
"படுக்காட்டி?"
படுக்காம இருந்தா நல்லதுதானே.
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
சீட்டுப் பிடித்து ஓடிப்போனவளின்
கூடப்பிறந்தவள் நான்.

காசிமேட்டு லூர்துக்கு ரேகை விழவில்லை.
ஐஸும் செதிலும் தின்ற கட்டைவிரல்.
துடைத்து வை, அழுத்தி வை, ஊதி வை,
ஆள்காட்டி, நடுவிரல்,
ஏழாவது முறை பெட்டி பச்சை காட்டியது.
வீட்டுக்காரர் வரலியா?
"கார்டு எடுத்து வெச்சா வியாதிய
வா வான்னு கூப்டற மாதிரியாம்.
லைஃப் ஜாக்கெட்டையும் அப்டித்தான் போடமாட்டாரு."

மதியம் ஒருவன் மூச்சிரைக்க வந்தான்.
இருபது வயதிருக்கும், கையில் ஸ்கேன் உறை.
அப்பா ஸ்டான்லியில் மூன்று நாளாக.
படுத்த பிறகு எடுக்க முடியாதென்று
டீக்கடையில் சொன்னார்களாம்,
எதற்கும் கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தானாம்.
யாருப்பா சொன்னது?
ரேஷன் கார்டு இருக்கா, வருமானச் சான்று இருக்கா?
இருந்தது. உறையின் அடியில்,
நம்பிக்கை இல்லாமலே கொண்டுவந்திருந்தான்.
உட்காரு என்றேன்.
உட்காரத் தெரியாதவன் போல் நின்றுகொண்டே இருந்தான்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி
எனக்கு வாய் பழகிவிட்டது.
காய்ச்சல் ஊசிக்குச் செல்லாது.
சுகர் மாத்திரைக்குச் செல்லாது.
ஆளுக்கொரு கார்டு இல்லை, குடும்பத்துக்கே ஒன்று.
கட்டிக்கொடுத்த பெண்
புருஷன் வீட்டு ரேஷன் கார்டில் இருக்கிறாள்,
அவளை அங்கே கேளுங்கள்.
என் பெயர் எந்தக் கார்டில் என்று
யாரும் கேட்டதில்லை.
என் சம்பளம்
அவர்கள் போட்ட கோட்டை
மாதம் எழுநூறு ரூபாயால் தாண்டுகிறது.
ஒப்பந்தத் தாளில் கையெழுத்து போட்ட அன்று
அதைச் சம்பள உயர்வு என்றார்கள்.

வாய் பழகாதது ஒன்று.

வியாசர்பாடி தேவநேசன், ஆட்டோ.
நாலரை மணிக்கு, வரிசை வற்றிய பிறகு வந்தார்.
மனைவிக்கு இதயத்தில் வால்வு.
அண்ணா நகரில் தனியார் மருத்துவமனை.
ஆட்டோவை விற்று, மேலும் கடன் வாங்கி,
அவள் பிழைத்துவிட்டாள்.
வீடு மாற்றும்போது பீரோவில் கிடைத்தது கார்டு.
"கவர்மெண்ட் கார்டுன்னா
கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான்னு இருந்துட்டேன் மேடம்."
பெயரைத் தட்டிப் பார்த்தேன்.
அந்த மருத்துவமனை பட்டியலில் இருந்தது.
அந்த அறுவை சிகிச்சையும் இருந்தது.
"பில்லு பூரா வெச்சிருக்கேன். இப்ப குடுத்தா?"
முன்கூட்டியே அனுமதி வாங்கணும் சார்.
கட்டினதுக்கு அப்புறம் திரும்பாது.
திரையை அவர் பக்கம் திருப்பியிருக்க வேண்டாம்.
திருப்பிவிட்டேன்.
பார்த்தார்.
பில்களை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தார்,
கிழிந்துவிடக் கூடாது என்பதுபோல.
"அப்ப வேற யாருக்காச்சும் சொல்லலாம்" என்றார்.
இப்போது அவர் ஓட்டுவது
நாள் வாடகை ஆட்டோ.
அதன் பின்கண்ணாடியில்
மருத்துவமனைப் பட்டியலை ஒட்டலாமா என்று கேட்டார்.
எனக்கு விதி தெரியவில்லை.
ஒட்டுங்க என்றேன்.

மறுநாள் காலை வரிசையில் முதல் ஆள்
ஏகவல்லி.
கார்டை லேமினேட் பண்ணியிருந்தார்.
வீட்டுச் சாவியோடு கோக்க வேண்டுமாம்,
தொலையாமல் இருக்க.
"ஓட்ட போட்டா
உள்ள இருக்கறது போயிடுமாம்மா?"

நேற்று சொன்னதை மறுபடி தொடங்கி
பாதியில் விட்டேன்.

போகாதும்மா.
ஓரமா போடுங்க.