முதலில் நிற்கும் ஒற்று

ஊத்தான் மெலிந்தாங்கில் மழை விட்ட மறுநாள்
மரம் எண்ணப் போவோம்.
என்னிடம் பாரம், அட்டை, பென்சில்.
பொன்னுருவியிடம் சிவப்புச் சாய டின்.
செம்பனையின் அடியில் காது போல ஒன்று முளைத்திருந்தால்
அவள் ஒரு கோடு இழுப்பாள்,
நான் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.

"அக்கா, இதுக்கும் ஞானதர்மா."

கானோடெர்மா என்று
எத்தனை தடவை திருத்தியிருப்பேன்.
வாரியத்து அதிகாரி சொல்லும்போது
'டெர்'ரில் நாக்கு அழகாய் மடங்கும்.
இவள் வாயில் போனதும்
யாரோ சாமியார் பேர் ஆகிவிட்டது.
"இந்த வாரம் முப்பத்திரண்டு மரம்
ஞானம் அடைஞ்சிருச்சு"
என்பாள், சிரிக்காமல்.

ஒரு நாள் பொருள் பார்த்தேன்.
கானோஸ், மினுக்கம். டெர்மா, தோல்.
பேர் வைத்தவன் குனிந்திருக்கிறான்,
உள்ளே தின்பதை விட்டுவிட்டு
மேலே இருந்த வார்னிஷைப் பார்த்திருக்கிறான்.
தடவினேன். வாஸ்தவம்தான்,
கல்யாணச் சீர் அலமாரி போல வழுவழுப்பு.
மரத்தை வெட்டினால்
தண்டு குழைந்த சோறு.

குருத்தைக் குடையும் வண்டுக்கும் பேர் சொன்னேன்.
ரைனோ, மூக்கு. கெராஸ், கொம்பு.
"அதத்தான கொம்பன்னு சொல்றோம்,
இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போனாங்க?"

அப்புறம் அவளுக்கு இருமல்.
டிரசர் அல்போன்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டை
தெலுக் இந்தான் பெரியாஸ்பத்திரி வரிசையில்
எழுத்துக் கூட்டிப் படித்தாள்:
பி. நியு. மோ. னியா.
கவுண்டர்ப் பெண்ணுக்குச் சிரிப்பு.
"பி-யைச் சொல்லக் கூடாது, காக்" என்றாள் மலாயில்.
"எழுதியிருக்கே?"
"எழுதியிருக்கும். கூப்பிட மாட்டோம்."

பொன்னுருவி சீட்டை மடித்தாள்,
இன்னும் மடித்தாள்.

மூணாம் லயத்தில் பிறந்தவள்.
பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாளக் கார்டு இல்லை.
விடிகாலைப் பெரட்டில் நிற்பாள், பேர் கூப்பிட மாட்டார்கள்.
அவள் உழைத்த நாள்
தனபாக்கியம் கணக்கில் ஏறும்.
தனபாக்கியம் ரவாங்குக்குக் குடிபோய் ஆறு வருஷம்.
ஆஸ்பத்திரியில் இவளுக்கு
வெளிநாட்டார் கட்டணம்.
எக்ஸ்ரேயில் இரண்டு வாரக் கூலி போயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னேன்:
நம்ம பாஷையில் ஒற்று முதலில் நிற்காது.
அதற்காக யாரையும் வாசலில் விட்டுவிட்டும் வரமாட்டோம்.
ஸ்கூலு இஸ்கூலு ஆச்சு, ஸ்டோரு இஸ்டோரு.
முன்னால் ஓர் உயிரைக் கொடுத்து
உள்ளே கூட்டி வருவோம்.

நன்றாகச் சொன்னதாக நினைப்பு எனக்கு.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினாள்.
செக்ரோல் எழுதுவது நான்தான்.

மாசி கடைசியில் மறுபடி மரம் எண்ணினோம்.
மின்கம்பி பார்க்க வந்த ஹெலிகாப்டர்
ஓலைகளைத் தலைகீழாய்ப் புரட்டிப் போட்டது.
கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.
ப்டெரான், இறக்கை!
பழங்காலத்துப் பறக்கும் பல்லிக்கு அந்த ப் முதலில் வரும்,
யாரும் சொல்வதில்லை!
ஹெலிகாப்டரில் அதே ப் நடுவில்,
முன்னால் உயிர் இருக்கு, வாய் திறக்குது!

"அதே ப்-பா?"
"அதே ப்."

சாயம் சொட்டும் தூரிகையோடு
கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள்.
"அப்ப அது ஊமை இல்லக்கா.
நிக்க விட்ட எடம் அப்படி."

நூற்றுப் பதினெட்டாம் மரம். கோடு.
பெருக்கல் குறி.
மூச்சு வாங்க டின் மேல் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பாரத்தின் அடியில்
கணக்கெடுத்தவர் என்ற கட்டத்தில்
என் பேருக்கு முன்னால்
ஒரு பி போட்டேன்.
பென்சிலில்தான்.

ஆபீசில் யாரும் கேட்கவில்லை.
யாரும் அதைச் சொல்லிப் பார்க்கவும் இல்லை.