அடைமொழி

கிராண்ட் பிரெய்ரி. ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார் கம்பெனியின் பின்பக்கத்தில்
உதிரிபாகக் கவுண்டர் என்னுடையது.
பூட்ஸ் பனியை மிதியடியில் உதறிக்கொண்டு
வந்தார் டேரில் ஹாவ்ரிலுக், பைப்லைன் வெல்டர்.
போனை நீட்டினார்.

"மான் மோதிவிட்டது."
மானுக்கு என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை.
"ஓநாயின் பின்பாதி போய்விட்டது."

பிக்கப்பின் விலாவில்
பெட்டி நீளத்துக்கு ஓடும் ஸ்டிக்கர் ஓநாய்.
மிட்நைட் வுல்ஃப் எடிஷன்.
சாதாரண வண்டிக்கு மேல் பதினோராயிரம் டாலர்,
எண்பத்து நான்கு மாதத் தவணை.

வின் எண்ணின் கடைசி எட்டைத் தட்டினேன்.
ஓநாய், வலது பக்கம்: இருநூற்றுப் பதினான்கு டாலர்.
கையிருப்பு இல்லை. ஆறு வாரம் ஆகும்.
"பின்பாதி மட்டும் விற்பதில்லை,
முழு ஓநாயாகத்தான் வாங்க வேண்டும்."

தலையாட்டியவர் போகவில்லை.
கையுறையைக் கழற்றினார், மாட்டினார்.
"வாபிட்டி ஆற்று மேட்டில்
கம்பெனியின் வெள்ளை வண்டி ஒன்று,
குளியலறை வாளி மாதிரி இருக்கும்,
அதே எடை டிரெய்லரோடு என்னைத் தாண்டிப் போனது.
உனக்குத் தெரிந்திருக்கும்.
இது நிஜமாகவே அதைவிடத் திடம்தானே?"

பக்கத்து அறையில் மேலாளர் இருமினார்.
நான் திரையைப் பார்த்தேன்.
உதிரிபாக எண்ணுக்கு வாலாட்டத் தெரியாது.

ஸ்பிரிங்: வெள்ளை வண்டிக்கும் இதற்கும் ஒரே எண்.
பிரேக் டிஸ்க்: அதே.
எஞ்சினில் அதே குதிரைகள்,
ஒரு குட்டிகூடப் போடவில்லை.
ஷாக் அப்சார்பரில் விரல் நின்றது. வேறு எண்!
அவர் முகம் மலர்ந்தது.
கடைசி எழுத்து மட்டும்தான் வேறு.
அந்த எழுத்துக்குப் பொருள் மஞ்சள் பெயின்ட்.
சக்கரம் நிஜமாகவே பெரியது,
ஒவ்வொன்றும் ஒன்பது பவுண்டு கூடுதல் கனம்.
மேட்டில் அவர் இழுத்தது
டிரெய்லரோடு சேர்த்துத் தன் அழகையும்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையில்
சூட்டுக்குத் தவணை வட்டி கிடையாது.

மன்னார்குடியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது.
செந்தாமரை என்றால் வெண்தாமரையும் உண்டு;
'செம்' அங்கே உழைக்கிறது.
வெண்திங்கள் என்றால் கருந்திங்கள் எங்கே?
'வெண்' சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது.
உதாரணம் தருக, இரண்டு மதிப்பெண்.
அன்று எனக்குப் பூஜ்யம்.
இன்று கேட்டால் இந்த வண்டியை எழுதுவேன்

என்று நினைத்தபடி பக்கத்தை உருட்டினேன்.
ஒரு வரி இடறியது.
டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர்:
வெள்ளை வண்டிக்குப் பத்து அடுக்கு,
இதற்குப் பதினாறு.
மறுபடி பார்த்தேன். பதினாறுதான்.
விற்பனைத் தாளில் இது இல்லை, கதவில் எழுதவில்லை.
அறை முழுக்க ஓநாயின் கண் நிறத்தைப் பற்றிப்
பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மாலையில்
யாரோ ஒரு பொறியாளர்
சத்தமில்லாமல் கையெழுத்திட்டு அனுப்பியிருக்க வேண்டும்.

"இது நிஜம்," என்றேன், திரையைத் திருப்பி.
"ஜூலை வெயிலில் நாலு டன் இழுத்து மலையேறினாலும்
எண்ணெய் கொதிக்காது.
வெள்ளை வண்டி அன்று ஓரங்கட்டி நிற்கும்."

"எங்கே இருக்கிறது?"
"கிரில்லுக்குப் பின்னால்."
"வெளியிலிருந்து பார்த்தால்?"
"தெரியாது."

ம்ம் என்றார்.
கார்டை நீட்டினார், ஓநாய்க்கு.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
பிளாக் ஹீட்டர் வயரைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டு
வண்டியை எடுத்தார்.
உப்புப் படிந்த கதவருகே
முன்னங்கால் இரண்டால் மட்டும் பாய்ந்தபடி
அரை ஓநாய்,
நெடுஞ்சாலை நாற்பதில் ஏறித் தெற்கே போனது.

ஆர்டர் படிவத்தில் 'அவசரம்' என்றொரு கட்டம் உண்டு.
டிக் அடித்தாலும் ஆறு வாரம் ஆறு வாரம்தான்.
அடித்தேன்.