தெரிந்த நிறை

எந்த நாடு என்று சொல்லக்கூடாது,
ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு.
தூரத்து நாடு.
அங்கேயும் தமிழ் படிக்கிறவர்கள் இருப்பதால்
நாடாளுமன்றக் குழுவின் விசாரணைப் பதிவு
மஸ்கெலியாவில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
என் மடிக்கணினியில் வந்து இறங்குகிறது.
சொல்லுக்கு மூன்று ரூபாய்.
கறுப்பு அடித்த இடங்களை அப்படியே விடவும்.
கறுப்புக்குக் காசில்லை.

முதல் பக்கத்திலேயே இடறியது.
ஆளில்லா விமானம் மேலே நின்று
ஒரு முற்றத்தை மூன்று நாள் பார்ப்பது கண்காணிப்பு.
அதை அனுப்பியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து
குழு கேள்வி கேட்பதும் கண்காணிப்பு.
அவர்கள் மொழியில் இரண்டு சொல்.
நமக்கு ஒன்றுதான்.
அதையும் இந்த மலையில் தேய்த்துத் தேய்த்துக்
கங்காணி ஆக்கி
கறுப்புக் கோட்டு மாட்டி
முன்னால் நடக்கவிட்டாயிற்று.

மழை. மவுசாகலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.
கீழே பாண் வேகிற வாசனை.

ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்பு
சட்ட ஆலோசனை பெறப்பட்டது என்கிறார் செயலாளர்.
அதைக் குழு பார்க்கலாமா?
ஆலோசனை இரகசியம்.
இறந்தவர்கள் எத்தனை பேர்?
கறுப்பு.
அவர்களில் பொதுமக்கள்?
கறுப்பு, அதற்குப் பின்னால் ‘மிகக் குறைவு’.
ஒளிவுமறைவில்லாத பதில்களுக்குத்
தலைவர் நன்றி சொல்கிறார்.
அந்த நன்றியில் எனக்குப் பதினெட்டு ரூபாய்.

நான் சாதாரண தரம் எழுதிய வருடம்
எங்கள் தோட்டத்து நிறுவைக் களத்தில்
தராசின் முகம் கணக்கப்பிள்ளையைப் பார்த்தே தொங்கும்.
பெண்களுக்கு அதன் முதுகு.
அவர் சொல்வதுதான் நிறை.
ஒருநாள் இருளாயி
கூட்டுறவுக் கடையில் வாங்கிய பத்துக் கிலோ மாவுப் பையை
முத்திரை கிழிக்காமல் சாக்கில் போட்டு
மேலே ரெண்டு கை கொழுந்து தூவிக்
கொக்கியில் மாட்டினாள்.
‘ஏழரை’ என்றார்.
அவள் கொழுந்தை விலக்கிக் காட்டினாள்.
யாரும் சிரிக்கவில்லை.
கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
தப்பு அதில்தான் என்பது போல.

எங்கள் பக்கம் ஒருநாள் கூலிக்குப் பேர் என்றே பேர்.
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.
அடுத்த வாரம் தராசு மாறியது.
சாக்குக்கு என்று ரெண்டு கிலோ வெட்டுவது
இன்றுவரை மாறவில்லை.

அறுபத்தோராம் பக்கம்.
இதுவரை வாய் திறக்காத உறுப்பினர் நான்கு
எழுந்து சொல்கிறார்:
எண்ணிக்கை கேட்டு அலுத்துவிட்டது.
என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது.
கழுதையில் உப்பு ஏற்றி விற்றவர்.
புதைத்த இடத்தை நானே போய்ப் பார்த்தேன்.
உங்கள் பட்டியலில்
இவர் எந்த நிரலில் இருக்கிறார்?

பெயர் இருந்த இடத்தில் கறுப்பு.

செயலாளர் தண்ணீர் கேட்கிறார்.
பிறகு, எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்கிறார்.
உறுப்பினர் சொல்லியிருக்கிறார்.
கறுப்பு அடித்தவன் அவசரக்காரன், அல்லது
அவசரமே இல்லாதவன்:
எழுத்துக்கு ஒன்றாக, கோடு விட்டு விட்டு,
ஐந்து சின்னக் கட்டம்.

கூட்டம் பதினைந்து நிமிடம் ஒத்திவைக்கப்படுகிறது.
பதிவு அங்கேயே முடிகிறது.

ஐந்து கட்டத்தையும் ஐந்தாகவே வைத்தேன்.
தமிழில் அந்தப் பேர் மூன்று எழுத்தாக இருக்கலாம்,
நாலாகவும்.
உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தேன்.
கீழே கடைசித் தட்டு பாணையும் இறக்கிவிட்டார்கள்.

பட்டியல் அனுப்பும்போது
மொத்தச் சொற்களோடு ஒன்று கூட்டினேன்.
விளக்கம் எழுதவில்லை.

கணக்குப் பிரிவு கண்டுபிடித்து விட்டது.
மூன்று ரூபாய் வெட்டிப் பணம் வந்தது,
மரியாதையான கடிதத்தோடு.

அரைப்பேர்கூடப் போடவில்லை.