ஒப்பீட்டு ஊர்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆக்தால்.
அங்கே திட்டம் உண்டு: ரத்த அழுத்தக் கருவி, மாத்திரை,
தேநீரில் உப்பைக் குறைக்கச் சொல்லும் சுவரொட்டி.
அந்தப் பக்கம் செர்பெல்.
ஒன்றும் கிடையாது.
ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான்
அந்த ஊருக்கு நாங்கள் கொடுத்த வேலை.

மூன்று குளிர்காலம் எண்ணினோம்.
ஆக்தாலில் பக்கவாதம் பாதியாகியிருந்தது.
பிஷ்கெக் அலுவலகத்தில் யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.
அதற்குள் செர்பெல் தாள்கள் வந்தன.
அங்கும் பாதி.

பாதியில் பாதியைக் கழித்தால் பூஜ்யம்.
புதுச் சாலை காரணமாயிருக்கலாம்,
மாஸ்கோவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமாயிருக்கலாம்,
இரண்டு வருடமாகக் குளிரே சரியில்லை, அதுவாயிருக்கலாம்.
'திட்டத்தால் விளைவு ஏதுமில்லை'
என்று ஒரு வரி தட்டிவிட்டு
மார்ச்சில், தாள்களைச் சரிபார்க்கப் போனேன்.

செர்பெல்லில் முதல் வீடு.
கருவியை நான் வெளியே எடுக்குமுன்
கிழவர் சோரோன்பாய் சட்டைக்கையை மடித்து நீட்டினார்,
உள்ளங்கை மேலே பார்க்க, மூச்சை மெல்ல விட்டபடி.
யார் பழக்கியது?
"வியாழன்தோறும் உல்போல்சுன் வருவாளே."

உல்போல்சுன் எங்கள் செவிலி.
ஆக்தாலுக்கு மட்டும் சம்பளம்.
ஐந்தாவது பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு
'ஆண் ஆகட்டும்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள்.
பிறக்காத ஒருவனோடு
பிறந்த அன்றே ஒப்பிடப்பட்டவள்.

லாயத்தில் பிடித்தேன்.
சாம்பல் குதிரை, வயிறுவரை ஆற்றுச் சேறு.
சேணப்பையில் எங்கள் கருவி, எங்கள் வரிசை எண்ணோடு.
"அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்தது.
அவளுக்குப் பார்க்கும்போது
பக்கத்து வீட்டுக்காரி கையை நீட்டினாள்.
அந்தக் கையிடம் என்ன சொல்ல,
நீ ஒப்பீட்டு ஊர் என்றா?"

மாத்திரைகள்?
குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"அதை மட்டும் எழுதாதே."

எங்கள் துறையில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது:
மாசு.
ஒப்பீட்டு ஊரில் மாசு கலந்துவிட்டது.
அடிக்குறிப்பு பதினான்கில் அதை எழுதினேன்,
அழித்தேன்.
பூஜ்யத்தையும் அழித்தேன்.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
தீப்பெட்டி அளவுதான்.
குதிரையை அதில் எப்படி நுழைப்பது?

திங்களன்று கூட்டம். நிதி கொடுத்தவர்கள் வருகிறார்கள்.
இன்று வியாழன்.
ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது.
அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள்.
கரையில் குதிரை
ஒரு காலை வைத்துப் பார்க்கிறது,
எடுக்கிறது,
இன்னும் ஒரு முழம் தள்ளி
மறுபடி வைக்கிறது.