கழுத்துக்குக் கீழே

அல்பத்தின் தாள் கறுப்பு.
வெள்ளைப் பென்சிலால் அப்பாவின் கையெழுத்து:
தியத்தலாவ, 58. பனிக்குள் நாங்கள்.
படத்தில் பனியும் இல்லை, நாங்களும் இல்லை.
நாலு மூலையிலும் ஒட்டிய முக்கோணங்கள்
அப்பாவின் தலையை மட்டும் தாங்கப் பார்க்கின்றன.
தாளைப் புரட்டும்போதெல்லாம்
அது நழுவி என் மடியில் விழுகிறது.

அம்மா வெட்டியது.
தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம்,
கல்லடிப் பாலத்துக்கு அங்கால வெடிச்சத்தம் கேட்ட இரவு.
குப்பிவிளக்கை மேசைக்குக் கீழே
தம்பி புவி பிடித்துக்கொண்டிருந்தான்.
தையல் கத்திரி,
ஒவ்வொரு படமாய், கழுத்தோடு.
பொடியன்கள் கண்டால் இந்த உடுப்பு ஆகாது.
"ஆமி கண்டால் ஆகுமோ?" என்று கேட்டேன்.
"ஆருக்குகா தெரியும்" என்றாள்.
கத்திரி நிற்கவில்லை.

கலியாணம் முடிந்த கிழமை
ஸ்ரூடியோவில் எடுத்த படம் ஒன்று.
அதில் அம்மாவின் விரல்கள்
காக்கிச் சட்டையின் முழங்கையைப் பிடித்திருந்தன.
விரல்களையும் சேர்த்துத்தான் வெட்டினாள்.
"உடுப்போட ஒட்டினதெல்லாம் போகட்டும்."
மறுகா அடுப்படிக்குப் போனாள்.
நெருப்பு மூட்டும் சத்தம் கேட்டது.

சூறாவளி இவ்வளவு செய்யவில்லை.
எழுபத்தெட்டில் கூரை போனது,
வளவில் நின்ற தென்னை எல்லாம் ஒரே பக்கம் படுத்தது.
அப்பா நனைந்த படங்களைக்
கொடியில் கிளிப்பால் தூக்கினார்.
"பரேட் நிக்குது" என்று சிரித்தார்.
ரணவீர மாமாவின் முகம் மட்டும் உரிந்து
மெல்லிய சிலந்திவலைத் தாளில் ஒட்டிக்கொண்டது.
ஊதிப் பார்த்தார், ஈரத்துணியால் தொட்டுப் பார்த்தார்,
பிறகு அப்படியே மூடிவைத்தார்.

வெட்ட முடியாமல் போனது பென்சன் ஒன்றுதான்.
மாசா மாசம் அது முழு உடம்போடு வந்தது.
"சார்ஜன்ட் பூபாலபிள்ளையின் விதவை!"
அமிர்தகழித் தபாற்கந்தோரில் அத்தனை பேரும் கேட்கக் கூப்பிடுவார்கள்.
அம்மா ஒருதரம் கிறுகிப் பார்ப்பாள்.
மறுகாதான் கையெழுத்து.

இந்த மாசி, தையல் மிஷினை விலை பேச ஆள் வந்தது.
அம்மா போய் எட்டு மாசம்.
இடது இழுப்பறை துருவேறி இறுகிக் கிடந்தது.
மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, இழுத்தால்
பொபினுக்கும் உடைந்த ஊசிக்கும் அடியில்
நாலாய் மடித்த லக்ஸ்பிறே பை.

உடம்புகள்.
அப்படியானால் அன்றைக்கு அடுப்பில்
எதை எரித்தாள்?

மேசையில் கொட்டிப் பொருத்தினேன்.
பித்தளைப் பொத்தான்கள்.
தொப்பியை அக்குளில் இடுக்கிய உடம்பு.
மூன்று கோடு வாங்கிய அன்று
நெஞ்சை நிமிர்த்திய உடம்பு.
தியத்தலாவையிலிருந்து ஒன்று:
தோளில் யாரோ போட்ட கை அப்படியே கிடக்கிறது.
அம்மாவின் விரல்களும் இருந்தன,
காக்கியை விடாமல்.
அப்பாவின் தலை பதினாறு.
உடம்பு பதினேழு.

மிஞ்சியது கலர்ப் படம்.
வரிச்சீருடை.
மெலிந்த தோள்,
ஓட்டை போதாமல் ஆணியால் ஓட்டை போட்ட பெல்ட்.
இடது கையில் மணிக்கூடு,
கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல்.

அந்தக் கீறல் நான் போட்டது.
கோட்டைமுனைச் சந்தியில் சைக்கிளோடு விழுத்தி,
"அம்மாட்ட சொல்லாத, பத்து ரூபா தாறன்" என்று.
சொல்லவில்லை அவன்.
பத்து ரூபாய் நானும் கொடுக்கவில்லை.

இந்தப் படம் எப்போது வந்தது,
யார் கையில் கொடுத்துவிட்டது,
வெட்டுவதற்கு முன் எத்தனை நாள் வைத்துப் பார்த்தாள்,
அன்றைக்கு விளக்கு யார் பிடித்தது?
கழுத்தில் அதே கத்திரி, அதே நேர்க்கோடு.
இரண்டு உடுப்பையும்
ஒரே பைக்குள் மடித்திருக்கிறாள்.

தலையைத் தேடினேன்.
சாமித்தட்டு, கூப்பன் புத்தகம், அடையாள அட்டை உறை,
ஆஸ்பத்திரியில் தந்த மணிபேர்ஸ்.
பேர்ஸில் பென்சன் துண்டும்
ஒரு பனடோலும்.

கடப்படியில் ஆள் காசை எண்ணிக்கொண்டு நின்றார்.
"இழுப்பறை ஒன்றை விட்டிட்டு
மற்றதைக் கொண்டுபோங்க" என்றேன்.
என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
ஆயிரம் ரூபாய் குறைத்தார்.