காரணம் இரண்டு வரிக்குள்

ராமநாதபுரத்திலிருந்து தபால்:
தொண்டி கடலோரக் காவல் நிலையத்துக்கு
இனி ஒரே வகைத் துப்பாக்கிதான்.
எஸ்.எல்.ஆரா, இன்சாஸா?
ஒன்றில் டிக் அடித்து
காரணத்தை இரண்டு வரிக்குள் எழுதுக.
வெள்ளிக்கிழமைக்குள்.

நான் களஞ்சியம், ஏட்டு.
ஆயுத அறைச் சாவி ஒன்பது வருஷமாய் என் இடுப்பில்.
எண்ணெய்த் துணியும் உப்புக் காற்றும்
ஒன்றையொன்று வைதுகொண்டே இருக்கும் அறை.

ரோந்துப் படகில் முன்னால் நிற்கிறவர்
சீனி இபுராம்சா. அவரைக் கேட்டேன்.
"கச்சான் அடிக்கையில
படகு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம்.
அந்த நீளத்தைத் தூக்கிக்கிட்டு
கேபின் கதவுல இடிச்சே தோள் போச்சு.
எடை குறைஞ்சது போதும்.
மேகசீனைப் பாருங்க, ஊறுகாய் பாட்டில் மாதிரி,
உள்ளே எத்தனை மிச்சம்னு வெளியவே தெரியுது."

இதுவரை அந்த பாட்டிலில்
ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

அருளப்பனுக்கு மரக்கட்டை வேண்டும்.
"பிளாஸ்டிக்குல கன்னம் வைக்கிறது
ஆஸ்பத்திரி பக்கெட்டுல தலை சாய்ச்ச மாதிரி."
எதற்கு வேண்டுமென்று சொல்லுய்யா என்றேன்.
"பிடிச்சிருக்கு."
அது காரணமாகாது.
"கட்டிக்கிட்டப்ப மட்டும் ஆச்சே!"
சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போய்விட்டான்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

புது எஸ்.ஐ. நம்புசெல்விக்குத் தூரம் முக்கியம்.
முந்நூறு மீட்டரில் எது நேராய்ப் போகும், களஞ்சியம்?
தரையில் என்றால் சொல்வேன்.
கடலில் முந்நூறு மீட்டர் என்பது
அலை ஏறும்போது தெரிகிற தலை,
இறங்கும்போது இல்லை, மேடம்.

என்னைக் கேட்டால்?
யாரும் கேட்கவில்லை.
பயிற்சியில் முதல் நாள் எஸ்.எல்.ஆர். உதைத்த இடம்
நாவற்பழ நிறத்தில் ஆறு நாள் இருந்தது.
விடுதிக் கண்ணாடியில்
சட்டைக் காலரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டேன்.
இங்கே கட்டை எண் பதினேழு என்னுடையது.
என்னுடையது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
மணல் புகுந்தால் முனகுவாள்.
கேஸ் திருகை இரண்டு சொடுக்கு இறுக்கினால்
மறுபடி பேசுவாள்.

ஆனால் மோர்ப்பண்ணைக்கு வெளியே அந்த ராத்திரி.
விளக்கில்லாத ஒரு வள்ளம்.
கூப்பிட்டோம், பதிலில்லை. மறுபடி கூப்பிட்டோம்.
இபுராம்சா கையில் அன்று பதினேழு.
பூட்டை எடுத்துவிட்டார், சத்தம் கேட்டது.
அப்புறம் காற்று ஒரு கணம் ஓய்ந்தது:
"மச்சான், நாந்தான். பேட்டரி செத்துப்போச்சு."
அவர் தங்கை வீட்டுக்காரர். நண்டு வலை.
மறுபடி பூட்டைப் போட
இபுராம்சாவின் நனைந்த கட்டைவிரல் தேடித் தேடி வழுக்கியது.
நான் என் விரலால் போட்டேன்.
அந்த நண்டில் பாதியை அவர்
எங்கள் நிலையத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார்.
இபுராம்சா அன்று சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை கரண்ட் போனபோது
அறையைச் சாத்திக்கொண்டேன்.
ஒரு வாளிக் கடல் தண்ணீர். விரலை முக்கி முக்கி
இருட்டில் இரண்டின் பூட்டையும் போட்டேன், இருபது இருபது தடவை.
புதியது இருபதுக்கும் உட்கார்ந்தது.
பதினேழு, ஐந்து தடவை நழுவினாள்.
உப்பு தின்ற பல். அவள் மேல் தப்பில்லை.
இன்னும் ஒரு பத்து தடவை அவளுக்கு மட்டும் கொடுத்தேன்.
மூன்று தடவை நழுவினாள்.

இன்சாஸில் டிக் அடித்தேன்.
காரணம்: 'நனைந்த விரலுக்குப் பூட்டு எட்டுகிறது.'
ஒரு வரிதான் ஆயிற்று.
எஸ்.ஐ. படித்துவிட்டு, இது போதுமா என்றார்.
போதும் மேடம் என்றேன்.

லாரி வந்தது. மற்றவற்றை அருளப்பன் ஏற்றினான்.
பதினேழை நான் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்,
வாசல் வரைக்கும் நாற்பது எட்டு.
ஓட்டுநர் நீட்டிய தாளில்
'நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது.
பூட்டுப் பல் தேய்ந்தது, மாற்றவும் என்று எழுதினேன்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
மறுபடி வாங்கி, ஓரத்தில்:
மணல் புகுந்தால்
கேஸ் திருகை இரண்டு சொடுக்கு.